செக்கு எண்ணெயை மக்கும் பையில் கலக்கலாமா?

கப்பலூர் தொழிற்பேட்டையில் பிலிம் மிஷின் ஓட்டும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "மாவு கலந்த மக்கும் குருணை வாங்கி கேரிபேக் ஓட்டுகிறோம். பை மொடமொடவென்று வருகிறது, மடித்த இடத்தில் கிழிகிறது. மாமனாருக்கு உசிலம்பட்டிப் பக்கம் மரச்செக்கு இருக்கிறது. கடலை எண்ணெய் நாலு சதவீதம் ஊற்றினால் பை மெதுவாகும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். ஊற்றலாமா? ஊற்றினால் 'இயற்கை எண்ணெய் கலந்தது' என்று பையில் அச்சடிக்கலாமா?"

ஊற்ற வேண்டாம். அச்சடிக்கவும் வேண்டாம். ஆனால் கேள்வி நல்ல கேள்வி. தாவர எண்ணெய்க்கும் மக்கும் பிளாஸ்டிக்குக்கும் உண்மையிலேயே உறவு உண்டு. அந்த உறவு செக்கிலிருந்து நேராக ஹாப்பருக்கு வருவதில்லை, அவ்வளவுதான்.

முதலில் உங்கள் பை ஏன் மொடமொடக்கிறது என்று பார்ப்போம். சந்தையில் கிடைக்கும் மாவுக் குருணையில் பெரும்பாலும் இருப்பது பிபிஏடி என்ற பாலியெஸ்டர். அதோடு மக்காச்சோள மாவோ மரவள்ளி மாவோ சேர்த்திருப்பார்கள். விறைப்புக்காகக் கொஞ்சம் பிஎல்ஏ என்ற இன்னொரு பாலியெஸ்டர், விலைக்காகக் கொஞ்சம் கால்சியம் பில்லர். பிபிஏடி தானாகவே ரப்பர் மாதிரி இழுபடக்கூடியது. அது இருந்தும் பை மடிப்பில் முறிகிறது என்றால் எண்ணெய் போதவில்லை என்று நினைக்காதீர்கள்; வேறு எங்கோ கோளாறு. என் அனுபவத்தில் அது பத்துக்கு ஏழு தடவை ஈரம்.

பாலியெஸ்டர் ஈரத்தோடு சூடானால் அதன் நீளச் சங்கிலி தண்ணீரால் துண்டு துண்டாக வெட்டுப்படும். வெட்டுப்பட்ட பிலிம் பார்வைக்கு நன்றாகவே இருக்கும். கையில் மொடமொடக்கும், இழுத்தால் நீளாமல் சட்டென்று கிழியும். பிஎல்ஏ போன்றவற்றில் ஈரம் 250 பிபிஎம்முக்குக் கீழே, அதாவது கிலோவுக்குக் கால் கிராமுக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்பார்கள். ஐப்பசி, கார்த்திகையில் மூட்டையைப் பிரித்து இரண்டு நாள் திறந்து போட்டால் அந்தக் கணக்கு எங்கே நிற்கும்? ஹாப்பர் டிரையரில் 60 முதல் 70 டிகிரியில் நாலு மணி நேரம் உலர்த்தி ஒரு மூட்டை ஓட்டிப் பாருங்கள். மூட்டையைப் பிரித்த அன்றே தீர்த்துவிடுங்கள், மிச்சத்தைக் கட்டி வையுங்கள்.

அடுத்தது சூடு. பாலித்தீன் ஓட்டிப் பழகிய ஆபரேட்டர், "175-ல் வைத்தால்தான் சார் பப்புள் நிற்கும்" என்பார். பாலித்தீனுக்கு அது சரி. மாவுக் குருணைக்கு 140, 150 போதும், 160-ஐத் தாண்டத் தேவையே வராது. அதற்கு மேல் போனால் மாவு பழுப்பேறும், சங்கிலியும் சிதையும். பிலிமில் காபிப் பொடி தூவியது போல் புள்ளி விழுந்தால் சூடு அதிகம் என்று அர்த்தம். மாவும் பழசாகும் என்பதை மறக்காதீர்கள். காலையில் பிழிந்த இடியாப்பம் சாயங்காலம் விறைத்துக்கொள்கிறதே, அதே மாற்றம்தான் பைக்குள் இருக்கும் மாவிலும் மெதுவாக நடக்கிறது. ஆறு மாதம் தகரக் கொட்டகையில் கிடந்த ரோலை எடுத்து வைத்துக்கொண்டு எண்ணெய் ஊற்றுவதைப் பற்றி யோசிப்பதில் பயனில்லை.

இதெல்லாம் சரியாக இருந்தும் பை இன்னும் மெதுவாக வேண்டும் என்றால், இப்போது எண்ணெய் பற்றிப் பேசலாம்.

பிளாஸ்டிக்கை மெதுவாக்குவது என்றால் நீளச் சங்கிலிகளுக்கு நடுவே சின்ன மூலக்கூறுகள் நுழைந்து அவற்றை ஒன்றோடொன்று ஒட்டாமல் நகரவிடுவது. இது புதிய வித்தை இல்லை. 1870 வாக்கில் அமெரிக்காவில் ஹயாட் சகோதரர்கள் செல்லுலாய்ட் செய்தபோது, முறிந்துபோகும் நைட்ரோசெல்லுலோஸை வளையவைக்கச் சேர்த்தது கற்பூரம். நாம் மீனாட்சியம்மன் கோயில் வாசலில் வாங்கிக் கொளுத்துகிறோமே, அதே சரக்குதான். பிறகு விளக்கெண்ணெயும் அந்த வேலைக்கு வந்தது. ஆகவே செடியிலிருந்து வரும் பொருள் பிளாஸ்டிக்கை மெதுவாக்கும் என்பதில் சந்தேகமில்லை. கேள்வி, எந்தப் பொருள் எதற்குள் நுழையும் என்பதே.

கடலை எண்ணெயின் மூலக்கூறு பெரிசு. ஒரு கிளிசரின் துண்டில் மூன்று நீளக் கொழுப்பமிலக் கைகள் தொங்கும். அந்தக் கைகளுக்குத் தண்ணீரும் ஆகாது, தண்ணீரை விரும்பும் மாவும் ஆகாது. பிஎல்ஏவுக்கும் பிபிஏடிக்கும்கூட அரைகுறை ஒட்டுதல்தான். ஓட்டும்போது சூட்டில் கலந்தது போலத் தெரியும். ஆறியதும் எண்ணெய் தனியாகத் துளித் துளியாக உள்ளே நிற்கும். ஒன்றிரண்டு சதவீதம் வரை அப்படியே அடங்கிக் கிடக்கும். நாலு, ஐந்து என்று போனால் மெல்ல மேலே வரும். பை வியர்க்கும் என்று சொல்வார்கள். கடைக்காரர் பையை உதறிப் பிரிக்கும்போது விரலில் பிசுபிசுப்பு. அடிப்பக்க சீல் பிடிக்காது. அச்சு மை ஒட்டாது, ஒட்டினாலும் கட்டை விரலால் தேய்த்தால் வந்துவிடும்.

மிஷினிலும் தொல்லை. உங்களிடம் இருப்பது ஒற்றை ஸ்க்ரூ. குருணை பேரலின் சுவரைப் பிடித்து உராய்ந்தால்தான் ஸ்க்ரூ அதை முன்னே தள்ள முடியும். ஹாப்பரில் எண்ணெய் ஊற்றினால் குருணை வழுக்கி அதே இடத்தில் சுற்றும். டையில் சரக்கு விட்டு விட்டு வரும், பப்புள் மூச்சு வாங்குவது போல் பெருத்துச் சிறுக்கும், மைக்ரான் ஓரிடத்தில் இருபதும் இன்னோரிடத்தில் நாற்பதுமாக இருக்கும். திரவத்தை ஊட்டுவதற்கு இரட்டை ஸ்க்ரூ மிஷினும், குருணை உருகிய பிறகு நடுவழியில் பம்ப் வைத்து அளந்து செலுத்தும் வசதியும் வேண்டும். அது குருணை தயாரிப்பவரின் வேலை, பை ஓட்டுபவரின் வேலை அல்ல. செக்கு எண்ணெயில் மண்டியும் கொஞ்சம் ஈரமும் இருக்கும். சமையலுக்கு அது மணம். எக்ஸ்ட்ரூடருக்குள் மண்டி கருகிச் சல்லடையை அடைக்கும், ஈரம் நான் மேலே சொன்ன வெட்டு வேலையைத் தொடங்கிவிடும்.

பரோட்டாக் கடையில் மிஞ்சும் பழைய எண்ணெயை மலிவாக வாங்கிக் கலக்கலாமே என்று இன்னொருவர் கேட்டிருந்தார். திரும்பத் திரும்பக் கொதித்த எண்ணெயில் தனித்த கொழுப்பமிலம் கூடிவிடும். அமிலம் பாலியெஸ்டரை அரிக்கும், நாற்றம் வேறு. துருவப் பொருள் 25 சதவீதம் தாண்டிய எண்ணெய் சமையலுக்கே ஆகாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-லேயே விதி கொண்டுவந்தது. அந்த எண்ணெயைத் திரட்டி பயோடீசலுக்கு அனுப்ப வழி இருக்கிறது. அங்கேயே போகட்டும்.

அப்படியானால் எண்ணெய்க்கு இடமே இல்லையா? இருக்கிறது. உடைத்தும் திருத்தியும் கொடுத்தால் பிளாஸ்டிக் ஏற்றுக்கொள்ளும். உங்கள் குருணையில் மாவை நெகிழ வைத்திருப்பதே எண்ணெயிலிருந்து வந்த பொருளாக இருக்கலாம். மாவின் எடையில் கால் பங்குக்கு மேல்கூடச் சேர்க்கும் கிளிசரின், சோப்புத் தொழிலிலும் பயோடீசல் தொழிலிலும் எண்ணெயை உடைக்கும்போது கிடைப்பது. கொழுப்பமிலக் கைகளை வெட்டிவிட்டால் மிஞ்சும் அந்தச் சின்னத் துண்டு தண்ணீரோடு சேரும், மாவுக்குள் புகும். வெட்டிய கைகளில் ஒன்றை மட்டும் கிளிசரினோடு சேர்த்துச் செய்யும் மோனோஸ்டியரேட் ஒரு சதவீதம் போட்டால், மாவின் நீளச் சுருளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு அந்த இடியாப்ப விறைப்பைத் தள்ளிப்போடும். ரொட்டி பழசாகாமல் இருக்க பேக்கரிக்காரர்கள் சேர்ப்பதும் இதைத்தான்.

பிஎல்ஏவுக்கு வேறு கதை. அது கிளிசரினை ஏற்காது. அதற்கு எபாக்ஸி ஏற்றிய சோயா எண்ணெய் ஓரளவு ஒத்துவரும். சோயா எண்ணெயில் இரட்டைப் பிணைப்பு நிறைய. அயோடின் மதிப்பு 130 அளவில் இருக்கும். அந்தப் பிணைப்புகளில் ஆக்ஸிஜனை ஏற்றினால் எண்ணெய்க்குக் கொஞ்சம் முனைவுத்தன்மை வந்து பாலியெஸ்டரோடு இணங்கும். ஐந்து சதவீதம் வரை நிம்மதி, பத்தை நெருங்கினால் வியர்வை. பிவிசி ஒயர், ஹோஸ், செருப்பு தயாரிப்பவர்கள் பல காலமாக வாங்கும் சரக்குதான் இது, வியாபாரிகளிடம் டிரம்மில் கிடைக்கும். விலைக்கு வாங்குங்கள். நாமே தயாரிக்கலாமே என்று ஹைட்ரஜன் பெராக்சைடையும் பார்மிக் அமிலத்தையும் கொட்டகைக்குக் கொண்டுவந்து விடாதீர்கள். அந்த வினை தானே சூட்டைக் கக்கும்; குளிர்விப்பு ஒரு நிமிடம் தவறினால் கொதித்துச் சீறும். இதை நான் விளையாட்டாகச் சொல்லவில்லை.

எண்ணெய்களில் தனி ஜாதி ஆமணக்கு. விளக்கெண்ணெயின் கொழுப்பமிலத்தில் 85 முதல் 90 சதவீதம் வரை ரிசினோலிக் அமிலம். அதன் நடுவிலேயே ஒரு ஹைட்ராக்சில் குழு இருப்பதால் மற்ற எண்ணெய்களைவிட மாவோடும் பாலியெஸ்டரோடும் நன்றாகப் பழகும். உலகத்துக்கே ஆமணக்கு எண்ணெய் கொடுப்பது நம் நாடு, அதிலும் குஜராத். பிரான்ஸ்காரர்கள் இந்த எண்ணெயிலிருந்துதான் நைலான் 11 செய்கிறார்கள். சுத்திகரித்த, ஈரம் நீக்கிய ஆமணக்கு எண்ணெய் இரண்டு மூன்று சதவீதம், மாவுப் பொடியில் முன்கூட்டியே ஹைஸ்பீட் மிக்சரில் உறிஞ்ச வைத்துப் பிறகு குருணையாக்கினால், மாவுப் பிலிம் தண்ணீர் குடிப்பது குறையும். செக்கு எண்ணெயில்தான் செய்தாக வேண்டும் என்று மாமனார் பிடிவாதம் பிடித்தால் ஆமணக்கு ஆட்டச் சொல்லுங்கள். அதன் புண்ணாக்கில் விஷம் உண்டு, மாட்டுக்கு வைத்துவிடக் கூடாது என்பதையும் சொல்லிவிடுங்கள்.

எனக்கு மிகவும் நம்பிக்கை தருவது மலேயிக் அன்ஹைட்ரைடு ஏற்றிய எண்ணெய்கள், குறிப்பாக ஆளி விதை எண்ணெய். மெதுவாக்குவதை விட, ஒட்டாத இரண்டை ஒட்டவைப்பதே அவற்றின் பெரிய வேலை. தண்ணீரை விரும்பும் மாவு ஒரு பக்கம், வெறுக்கும் பாலியெஸ்டர் இன்னொரு பக்கம்; நடுவில் இரு பக்கமும் கைபிடிக்கத் தெரிந்த எண்ணெய். மடிப்பில் கிழிவது பெரும்பாலும் இந்த எல்லைக்கோட்டில் தொடங்குவதால், இங்கே ஒரு சதவீதம் செய்யும் வேலையை வெறும் எண்ணெய் ஐந்து சதவீதம் போட்டாலும் செய்யாது. குருணை கொடுப்பவரிடம் "உங்கள் சரக்கில் இணைப்பான் என்ன?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் திணறினால் வேறு ஆளைப் பாருங்கள்.

எந்த எண்ணெயானாலும் சிக்கு வாடை ஒரு சோதனை. இரட்டைப் பிணைப்பு அதிகமுள்ள சூரியகாந்தி, ஆளி போன்றவை பிலிமுக்குள்ளேயே காற்றோடு வினைபுரிந்து நாறும், மஞ்சளாகும், கடைசியில் மெதுவாக்க வந்த எண்ணெயே விறைத்துப்போகும். நல்லெண்ணெய் சீக்கிரம் கெடாதுதான். ஆனால் அந்த விலைக்கு அதை வாங்கிப் பையில் ஊற்றுகிறேன் என்று சொன்னால் வீட்டில் சோறு கிடைக்காது.

மதுரைக்கென்று ஒரு விஷயம்: வெயில். பிஎல்ஏ 55 முதல் 60 டிகிரிக்கு மேல் குழையத் தொடங்கும். மெதுவாக்கி எதைச் சேர்த்தாலும் அந்த எல்லை கீழே இறங்கும். சரியாக வேலை செய்யும் மெதுவாக்கி இன்னும் வேகமாக இறக்கும். குளிர்நாட்டு ஆய்வகத்தில் எழுதிய பார்முலாவில் அந்த எல்லை 40-க்கு வந்தாலும் அங்கே யாருக்கும் கவலையில்லை. சித்திரை வெயிலில் மூடிய லாரிக்குள், தகரக் கூரைக்கு அடியில், 50 டிகிரி சாதாரணம். அடுக்கி வைத்த கப் கவிழ்ந்து ஒன்றோடொன்று அப்பிக்கொள்ளும், பைகள் பிரிக்க முடியாத கட்டாகிவிடும். ஆகவே கப், டப்பா போன்ற பிஎல்ஏ சரக்கில் எண்ணெய் வகையை நான் பரிந்துரைப்பதில்லை. பையில் பிபிஏடி அதிகம் என்பதால் அதில் மட்டும்.

சோதனையை வீட்டிலேயே தொடங்கலாம். எண்ணெய் சேர்த்த பிலிமில் பத்துக்குப் பத்து சென்டிமீட்டரில் இருபது துண்டு வெட்டுங்கள். 30 மைக்ரான் பிலிம் என்றால் இருபதும் சேர்ந்து ஏறக்குறைய ஏழரை கிராம் இருக்கும். அதில் நாலு சதவீத எண்ணெய் என்றால் 0.3 கிராம், நகைக்கடைத் தராசுக்குத் தெரியும் அளவு. எடை போட்டு, ஒவ்வொரு துண்டுக்கும் நடுவே டிஷ்யூ பேப்பர் வைத்து அடுக்கி, மேலே ஒரு கிலோ படிக்கல் வைத்து, 50 டிகிரி அடுப்பிலோ மே மாத மொட்டை மாடித் தகரப் பெட்டியிலோ ஒரு வாரம் விடுங்கள். பிறகு பேப்பரைச் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பாருங்கள், பஜ்ஜி மடித்த தாள் போலத் திட்டுத் திட்டாக ஒளி ஊடுருவினால் எண்ணெய் வெளியேறிவிட்டது. தராசு எவ்வளவு என்று சொல்லும். மாவுப் பிலிம் காற்றில் இருக்கும் ஈரத்தைக் குடித்தும் விட்டும் எடை மாறும் என்பதால், எண்ணெய் சேர்க்காத அதே பிலிமையும் பக்கத்திலேயே ஒரு அடுக்கு வைத்து இரண்டின் வித்தியாசத்தைக் கணக்கிட வேண்டும். இந்த ஒப்பீட்டை விட்டுவிட்டு எடுத்த எண் எதற்கும் உதவாது.

பையில் என்ன போகப் போகிறது என்பதும் முக்கியம். காய்கறி என்றால் பிரச்சினையில்லை. சால்னா என்றால் பெரிய பிரச்சினை. கொதிக்கக் கொதிக்க எண்ணெய் மிதக்கும் சால்னாவைக் கட்டினால், பையில் இருக்கும் எண்ணெய்ப் பொருள் எல்லாம் அதற்குள் கரைந்து இறங்க வழி கிடைத்துவிடும். உணவைத் தொடும் பிளாஸ்டிக்கிலிருந்து இறங்கும் மொத்தப் பொருள் கிலோ உணவுக்கு 60 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது 2018-ல் வந்த உணவுப் பொட்டல விதி. சோதிக்கும் முறை ஐஎஸ் 9845. மெதுவாக்கி சேர்த்த மாவுப் பிலிம் கொழுப்புணவுச் சோதனையில் தேறுவது சுலபமில்லை. சால்னாவுக்குத் தூக்குவாளி கொண்டுவரச் சொல்வதே என் ஆலோசனை; மஞ்சப்பைக்குத் திரும்பிய ஊருக்கு அது பெரிய கஷ்டமில்லை.

மாட்டுத்தாவணியில் மல்லிகைக்குப் பை கேட்கிறார்கள் என்றால் எண்ணெயைக் குறையுங்கள். மாவுப் பிலிம் பாலித்தீனைவிட நீராவியை அதிகம் வெளியே விடும், பூ உள்ளே வியர்த்து அழுகாது. எண்ணெய் சேர்த்தால் அந்தக் குணத்தை நீங்களே கெடுத்துக்கொள்வீர்கள். நாற்றுப் பைக்கு வேப்பெண்ணெய் கலக்கலாமா என்று மேலூர்ப் பக்கத்து நர்சரிக்காரர் கேட்டிருந்தார். பூச்சிக்கு நல்லது என்பது அவர் கணக்கு. பூஞ்சையை அடக்கும் எண்ணெய், மக்கவைக்கும் பூஞ்சையையும் அடக்கும். நாற்றுப் பைக்கு எண்ணெய் வேண்டும் என்றால் ஆமணக்கு போதும்.

இனி அச்சு விஷயம். 2018 ஜூனில் தமிழக அரசு பிறப்பித்து 2019 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த தடையாணையிலேயே, ஐஎஸ்/ஐஎஸ்ஓ 17088 தரத்துக்கு உட்பட்ட உரமாகும் பைக்கு விலக்கு உண்டு. மத்திய விதியில் 120 மைக்ரான் கட்டுப்பாடும் அதற்கு இல்லை. இந்தச் சலுகைக்கு விலை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்று. பெயரும் சான்று எண்ணும் பையில் இருக்க வேண்டும். அந்தத் தரம் கேட்பது சாதாரணமல்ல: 58 டிகிரி உரச் சூழலில் 180 நாளுக்குள் கரிமத்தில் 90 சதவீதம் கரியமில வாயுவாக மாற வேண்டும், 12 வாரத்தில் இரண்டு மில்லிமீட்டர் சல்லடையில் பத்து சதவீதத்துக்கு மேல் தங்கக் கூடாது, அந்த உரத்தில் விதை முளைக்க வேண்டும். நீங்கள் கவனிக்க வேண்டிய வரி வேறு. ஒரு சதவீதத்துக்கு மேல் சேர்க்கும் எந்தக் கரிமப் பொருளும் தனித்தனியாக மக்கும் என்று நிரூபிக்க வேண்டும். நாலு சதவீதக் கடலை எண்ணெய் அந்தக் கோட்டைத் தாண்டிவிடுகிறது. எண்ணெய் மக்கும் என்பது உலகறிந்தது என்று வாதாடலாம், ஆனால் சோதனைக்குப் போன சரக்கும் கடைக்குப் போகும் சரக்கும் வேறு என்று ஆகிவிட்டால் சான்று உங்களைக் காப்பாற்றாது.

பாலித்தீனில் கொஞ்சம் மாவும் எண்ணெயும் கலந்து 'பயோ' என்று விற்பவர்களும் இருக்கிறார்கள். அது மக்காது, துண்டாகும். அவர்கள் பையும் உங்கள் பையும் குப்பையில் ஒன்றுபோலத்தான் தெரியும். தியாகராசர் பொறியியல் கல்லூரியின் பத்மஸ்ரீ வாசுதேவன் காட்டிய வழியில் தாரோடு கலந்து சாலைக்குப் போக வேண்டிய பாலித்தீனில் உங்கள் மாவுப் பை கலந்தாலும் கெடுதல், நுண் உர மையத்துக்கு வரும் உங்கள் பையோடு அவர்கள் பாலித்தீன் கலந்தாலும் கெடுதல். அதனால்தான் 'இயற்கை எண்ணெய் கலந்தது' போன்ற வாசகம் வேண்டாம் என்கிறேன். சட்டம் கேட்கும் எழுத்தும் எண்ணும் பெரிதாக, தெளிவாக இருக்கட்டும். பை வெள்ளக்கல் குப்பைக் கிடங்கில் போய்க் குவிந்தால் அங்கே 58 டிகிரியும் இல்லை, அளந்த ஈரமும் இல்லை என்பதை வாடிக்கையாளரிடம் மறைக்காதீர்கள்.

செய்ய வேண்டிய வரிசை இது. டிரையரைச் சரி செய்து, சூட்டை இறக்கி, புது மூட்டையில் ஒரு ரோல் ஓட்டுங்கள். பாதிக் குறை அங்கேயே போய்விடும். போகவில்லை என்றால் குருணை கொடுப்பவரிடம் மெதுவான தரத்தை, அதாவது பிபிஏடி கூடிய, பில்லர் குறைந்த கலவையைச் சான்றோடு கேளுங்கள். சொந்தக் கலவைதான் வேண்டும் என்று இறங்கினால் மதுரையிலேயே பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிறுவனமான சிப்பெட்டின் மையம் இருக்கிறது. எந்தச் சோதனை இங்கே நடக்கும், எது சென்னை கிண்டிக்குப் போகும் என்று முதலில் விசாரியுங்கள். மக்கும் சோதனைக்கு மட்டுமே ஆறு மாதம் ஆகும். அதற்கான பணத்தையும் பொறுமையையும் ஒதுக்கிவிட்டு, இரட்டை ஸ்க்ரூ மிஷினுக்கு வங்கிக் கடன் கேளுங்கள், அந்த ஆறு மாதத் தவணையைக் கணக்கில் சேர்த்து.